வடிதாளைக் கடந்தவை

வெள்ளி இரவு ஒன்பதே காலுக்கு
அறிவியல் நகரில் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமுறை இருமிவிட்டு
மூன்றாம் தரம் மறுத்துவிட்டது.

ஆழ்குளிர்ப் பெட்டிக்குள்
விரல் நீளக் குழாய்கள் நாற்பத்தொன்று.
நிலுக்சி அனுப்பியவை.
நாலு மீற்றர் பனியைத் துளைத்து
தென்துருவத்து ஏரியொன்றில் அவள் மொண்ட நீர்.
ஒவ்வொரு கழுத்திலும் அவளுடைய சாய்ந்த எழுத்து:
ஆழம், நாள், உப்பு.
சூரியன் என்ற கட்டத்தில் மட்டும்
எல்லாவற்றுக்கும் ஒரே பதில். இல்லை.

முல்லைத்தீவு ஐஸ் ஆலையில்
அமலதாசுக்கு இரவு வேலை. அழைத்தேன்.
"எவ்வளவு மீன்?"
மீன் இல்லை, தண்ணி.
"தண்ணிக்கு ஐஸோ?"
சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.
பிறகு சொன்னான், லொறி வரும்.

வரும்வரை ரோர்ச் வெளிச்சத்தில்
காலையில் இரணைமடு அலைகரையில் அள்ளியதை எடுத்தேன்.
காண்டாவனத்துப் பச்சை, கஞ்சித் தடிப்பு.
கைப்பம்பால் அழுத்தி வடித்தேன்.
வடிதாளின் துளை மைக்ரோனில் ஐந்திலொன்று.
பாசி மறிபட்டது.
பக்டீரியா மறிபட்டது.
ஓமந்தையில் ஒருநாள்
ஊறுகாய்ப் போத்தலையும் திறந்து மணந்து பார்த்தார்கள்,
என் இடது காதின் இரைச்சலை
யாரும் பதியவில்லை.
அப்படித்தான் இவையும் கடக்கின்றன.

அடியில் சேர்ந்தது தெளிந்த நீர்.
தேக்கரண்டியளவில் கோடிக்கணக்கான வைரஸ்.
உயிர் என்று சொல்லவும் கூச்சம்,
இல்லை என்று சொல்லவும்.

பெருத்துத் திமிர்த்த இனத்தைத்தான்
முதலில் கண்டுபிடிக்கும்.
அது வெடித்துச் சிந்துவது பக்கத்தில் நிற்பதற்குப் பந்தி.
மெலிந்தவைக்கும் கொஞ்சம் இடம்.
எங்கள் குளத்தில் இதற்கு உதவி நிறைய,
மீன், நத்தை, நீர்க்காகம், நாங்கள்.
நிலுக்சியின் ஏரியில்
தின்ன வருவோர் மிகச் சிலர்.
கணக்கைப் பெரும்பாலும் இவைதான் தீர்க்க வேண்டும்.

ஆனால் நெடு இருட்டில்
அவை பல கொல்வதை நிறுத்திவிடுகின்றன, எழுதியிருந்தாள்.
புகுந்த உடலின் எழுத்துக்குள்
தம் எழுத்தைச் செருகிவிட்டுப் படுத்துவிடும்.
உடல் இரண்டாகும்போது அதுவும் இரண்டாகும்.
உள்ளே ஒன்று உறங்கும்வரை
அதன் சொந்த இனம் வெளியிலிருந்து நுழைய ஏலாது.
காவலா, கைதா?
என்னிடம் அதற்குச் சொல் இல்லை.

பனிமூடிக்குக் கீழே வெளிச்சம் கசியும் நாளில்
சில எழும்பும்.
சிலதில் ஓரெழுத்து தேய்ந்து
எழும்பவே மறந்து
அந்த உடலுக்கே உறுப்பாகிப் போயிருக்கும்.

எங்கள் குளத்துக்கு அவ்வளவு நீண்ட இரவு இல்லை.
இங்கே இருட்டின் வேலையை வெயில் செய்கிறது.
ஆவணியில் பாளம் பாளமாய் வெடித்த சேற்றுக்குள்ளும்
அப்படித்தான் படுக்கின்றனவா?
இரண்டு வருடத் தரவில்
பாதி ஆம் என்கிறது,
பாதி கலங்கல்.

பதினொன்றே முக்காலுக்கு லொறி வந்தது.
சூடை மணக்கும் ஐஸ்,
கூடவே கேட்காமலே ஒரு மூடை ஆனையிறவு உப்பு.
"வெறும் ஐஸ் காணாதாம், அமலதாஸ் அண்ணை சொன்னவர்."
உப்பும் ஐஸும் குழைத்துப் புதைத்தோம்.
கைகள் சிவந்து மரத்தன.
சாரதிப் பெடியன் ஒரு குழாயை
ரோர்ச்சுக்கு நேரே பிடித்தான்.
"இதுக்குள்ள ஒண்டுமில்லையே அக்கா."
வடிகட்டினது தம்பி, என்றேன்.
அவன் அதைப் பதிலாக எடுக்கவில்லை,
ஆனாலும் கவனமாகத் திரும்ப வைத்தான்.

மூன்று பத்துக்குக் கரண்ட் வந்தது.
பெட்டி உறுமத் தொடங்கியது.
எது அதன் சத்தம்,
எது என் காதினுடையது என்று பிரிக்க
கொஞ்ச நேரம் எடுத்தது.