கயிற்றின் மறுமுனை

கனஸாவா, நவம்பர்

நுழைவுச்சீட்டுக் கூண்டில் என் வேலை மாலை நாலரை வரை. இன்று விடாத தூறல். மூன்றே பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கழிப்பறை தேடி. மிச்ச நேரமெல்லாம் கிழித்த சீட்டுகளின் முதுகில் எழுதுகிறேன். உரைநடை தண்ணீர்பட்ட பாடாக வருகிறது: குளம், கல்விளக்கு, பாசி, பாசியின் மேல் பாசி. கடைசியில் வைக்கவேண்டிய அந்த மூன்று வரிகள்தான் கண்ணாமூச்சி ஆடுகின்றன.

சில்லறைத் தட்டில்
ஈரமாய் ஒரு நாணயம்
யாருடைய மழை?

பனிக்கு முன்னால் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். நடுவே ஒரு மூங்கில் கம்பம்; அதன் உச்சியிலிருந்து கயிறுகள் நாலாபக்கமும் இறங்கி ஆளுக்கொரு கிளையைப் பிடித்துக்கொள்கின்றன. 'விரித்த குடை' என்று எழுதி அடித்தேன். இந்த ஊரில் எல்லாரும் சொல்வது. 'துணி போட மறந்த குடை.' அதையும் அடித்தேன்.

கம்பத்தின் மேல் ஹிகாஷிதே. அவருக்குக் கீழே நிற்கவேண்டிய பையன் பல்வலி என்று போய்விட்டானாம்.

"யாச்சி சான், கை சும்மாவா இருக்கு?"

உச்சியிலிருந்து
முதலில் கயிறு, பிறகு
ஓர் இருமல்

இரண்டு கையாலும் பிடித்தேன். நனைந்த வைக்கோல் கயிறு, பசுவின் நாக்குபோல் சொரசொரப்பு. மறுமுனையில் கிளை மெல்ல அசைந்தது, தூக்கத்தில் புரள்கிற ஆள் மாதிரி. அப்போது பார்த்து வந்தது. மூன்று வரியும், முழுசாக, கூப்பிடாமலே.

பேனா காதில் இருக்கிறது. கை இல்லை. விட்டால் முடிச்சு போகும். சாமான் பெயர்களை முணுமுணுத்தபடி கடைக்குப் போகும் பிள்ளைபோல வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். "இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றார். இழுத்தேன். மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது; துடைக்கவும் வழியில்லை. "இன்னும்." இழுத்தேன். "போதும், போதும்!"

அந்த இரண்டாவது 'போதும்'-இல்தான் விழுந்திருக்க வேண்டும்.

கூண்டுக்கு ஓடிவந்து அன்றைய கணக்கை முடித்தேன். சீட்டு இரண்டு, அறுநூறு யென், சரியாக இருந்தது. கழிப்பறைக்காரரிடம் நான் வாங்கவில்லை. உள்ளங்கையில் கயிற்றின் பின்னல் அப்படியே பதிந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், நடு வரிக்கு இடம் விட்டு.

நான் தாங்கிய கிளை
. . . . . . . . . .
இன்னும் பனி விழவில்லை