பதினொரு நொடி

எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்,
அன்றைக்கு அவன் என்ன சொன்னான் என்று.

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் போடுகிறவர்
பீட்ரூட் துருவலை அள்ளி வைத்தபடி கேட்டார்.
சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன்
ஹெல்மெட்டைத் தூக்கிக் கேட்டான்:
"நீதானே அந்தக் கீப்பர்?"
பெண் பார்க்கப் போன வீட்டில்
காபி வருவதற்கு முன்பே கேட்டார்கள்.

வீடியோ மொத்தம் பதினொரு நொடி.
பந்து மட்டையின் ஓரத்தை உரசுகிறது.
என் கையுறைக்குள் வருகிறது.
வெளியே போகிறது.
தீர்த்தகிரி ஓடிவந்த வேகம் அடங்காமல்
பிட்ச்சின் பாதியில் நிற்கிறான்.
தரையை ஒரு உதை.
வாய் அசைகிறது.
சத்தம் கிடையாது; ஏற்றியவன் அதன்மேல்
ஏதோ குத்துப்பாட்டு மெட்டைப் போட்டிருந்தான்.

அந்த அசையும் வாய்க்குள்
ஊர் தன்னிடம் இருந்ததை வைத்தது.
சிலர் என் அம்மாவை வைத்தார்கள்.
சிலர் சாதியை.

ஆறு வருஷம் அவன் பந்தைப் பிடித்தவன் நான்.
என் இடது சுண்டுவிரல் இன்னும் நிமிராது.
பாதி வழிவரை நேராக வரும் அது,
அப்புறம் மனசு மாறும்.
மட்டைக்காரனுக்குத் தெரியும்போது
குச்சி மல்லாந்திருக்கும்.
"செவ்வாய்ப்பேட்டைச் சூறாவளி" என்று எழுதினார்கள்.
அடுத்த மாதம் "தலைக்கேறிய கர்வம்".
அதே நிருபர். அதே போட்டோ.

கர்வம் இல்லை என்று நான் சொல்லவில்லை.
சென்னையிலிருந்து வந்த தேர்வாளர்
"இன்னும் ஒரு ஓவர் போடு தம்பி" என்றதற்கு
"பார்த்தது பத்தலையா சார்?" என்று
ஷூ கயிற்றை அவிழ்த்தவன் அவன்.
அன்று சிரித்தேன்.
திரும்பி வரும் பஸ்ஸில்
ஆத்தூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

ராத்திரி முழுக்க வெள்ளிப் பட்டறையில்
கம்பி இழுத்துவிட்டுத்தான் காலையில் பந்து வீச வருவான்.
இதைச் சொன்னதும் உங்கள் முகம் இளகுகிறது.
வேண்டாம்.
தூங்காத நாளிலும் அதே திமிர்தான் அவனுக்கு,
நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும்.

சங்கத்து அறையில் மேசை விசிறி
ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தது.
மன்னிப்புக் கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள்.
கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும்.
அவன் படித்தான்.
"என் பேர்ல 'த்' விட்டிருக்கீங்க" என்று
நகர்த்தி வைத்தான்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
காற்று, என்றேன்.
ஹெல்மெட் போட்டிருந்தேன், என்றேன்.
சரியாகக் காதில் விழவில்லை.

ஒரு வருஷம் தடை.

அவன் சொன்னது என் பெயரை.
அவ்வளவுதான். "கந்தவேலு" என்றான்.
சொன்ன விதத்தில் அது கெட்ட வார்த்தைதான்,
ஆனால் எந்தச் சட்டத்தில் அதற்குத் தண்டனை?
இதை அன்றே சொல்லியிருந்தால்
பேச மேசையில் மிச்சம் இருந்திருப்பது
அந்தக் கேட்ச் ஒன்றுதான்.
இடுப்பு உயரம். குழந்தை பிடிக்கும்.
அவன் என்ன சொன்னான் என்று ஊர் கேட்கும்வரை
நான் ஏன் விட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு ஏற்காட்டில்
நாகலூர்ப் பக்கம் ஒரு டென்னிஸ் பந்துப் போட்டி.
பரிசு ஒரு ஆட்டுக்கிடா.
சிக்ஸர் அடித்தால் பந்து காபித் தோட்டத்துக்குள் போகும்,
அட்டைக்குப் பயந்து யாரும் தேடமாட்டார்கள்.
வேறு பெயரில் ஆடிக்கொண்டிருந்தான்.
அவர்கள் கீப்பருக்குக் கால் பிசகியிருந்தது.
கயிற்றுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தான்,
நெடுநேரம்.
பிறகு குச்சிக்குப் பின்னால் கையைக் காட்டினான்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குனிந்தேன்.
பனி இறங்கி
அவன் ஓடத் தொடங்கும் இடம் மறைந்திருந்தது.
காலடி மட்டும் கேட்டது,
நெருங்க நெருங்க.
வெறுங்கையை விரித்து வைத்திருந்தேன்.