முப்பத்து நான்கு சொடுக்குகள்

இவாலோ போகும் பேருந்து
வுவோட்சோ தாண்டியதும் நின்றுவிட்டது.
முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று
சாலைக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கிறதாம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பெட்ரோல் நிலையத்துக்காரி கதவைத் திறந்து
எங்கள் பதினொரு பேரையும் உள்ளே விட்டாள்.
வியாழக்கிழமை.
பின்லாந்தில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில்
கரண்டி பிடித்தவள் நான்.
நூற்று நாற்பது தட்டு, தட்டுக்கு ஒன்றரைக் கரண்டி.
ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவு.
அதுதான் நியாயம் என்றிருந்தேன்.

என் பேனா எப்போதும் சட்டைக்குள்,
வயிற்றோடு ஒட்டி, கோழி முட்டை போல.
உறைந்தால் மருந்து செத்துப்போகும்.
கம்பளியைத் தூக்கி, மேசைக்கடியில்,
முப்பத்தெட்டு யூனிட் போட்டுக்கொண்டேன்.

எதிரே ஒரு பையன்
தன் பேனாவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
குலுக்கினான். மறுபடி பார்த்தான்.
பெட்டியைச் சாமான் அறையில் போட்டிருக்கிறான், மடையன்.
கண்ணாடிக்குள் பனி.
சூப்பைத் தொடவே இல்லை.

“எப்போதிலிருந்து?”
“அக்டோபரிலிருந்து.”
“எனக்குப் பதினேழு வருஷம்.”
பெயர் யௌனி என்றான்.
பனிவண்டி பழுது பார்க்கிறவன்.
அவன் கழுத்தெலும்பில் ஒரு நாணயம் நிற்கும்.

என்னிடம் பிரிக்காத பேனா ஒன்று இருந்தது,
காலையில்தான் மருந்துக்கடையில் வாங்கியது.
அதே மருந்து. அதே ஆரஞ்சு மூடி.
புது ஊசி மாட்டி
இரண்டு யூனிட்டைக் காற்றுக்குக் கொடுத்து
அளவைத் திருப்பி நீட்டினேன்.
நான் திருப்பவில்லை. என் கை திருப்பியது.

வாங்கியவன் சின்ன ஜன்னலில் எண்ணைப் பார்த்தான்.
உதடு வெளுத்தது.
“இது உங்கள் எண்,” என்றான்.
“எனக்கு நான்கு.”

பின்னோக்கித் திருப்ப ஆரம்பித்தான்.
முப்பத்தேழு. முப்பத்தாறு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொடுக்கு.
அறை முழுக்கக் கேட்டது,
யாரோ பூட்டைத் திறப்பது போல.

முப்பதுகள் முழுவதும் என் உடம்பு:
தட்டினால் கேட்கும், கதவைத் திறக்காது.
இன்னும் தட்டு, இன்னும் பலமாய்த் தட்டு என்கிறது.
இருபத்திரண்டு.
ஔலுவில் என் நாத்தனார், என்னைவிடப் பருமன்,
அவளுக்கு இதுவே அதிகம்.
ஏன் என்று அவள் டாக்டரும் தோளைக் குலுக்கினார்.
பதினேழு.
காய்ச்சல் வந்தால் எனக்கு ஐம்பது.
காளான் பொறுக்க நாளெல்லாம் நடந்தால் இருபதே.
நானே எனக்கு ஒரே ஆள் இல்லை.
ஒன்பது. எட்டு.
அவன் கணையம் மூடப்போகும் கடை,
கடைசிச் சரக்கை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுக்கிறது.
ஐந்து.
நான்கு.

அவன் பார்க்காமல் அழுத்தியிருந்தால்?
ஆம்புலன்ஸ் வரவேண்டிய சாலையில்
அந்த லாரி.

யௌனி ஊசியை எடுத்துவிட்டுச் சூப் குடித்தான்.
ரொட்டியைக் கிழித்துத் தட்டைத் துடைத்தான்.
எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.
காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.
நூற்று நாற்பது தட்டுகளில்
பாதியை மீதம் வைத்துத் திட்டு வாங்கிய பிள்ளைகள்,
எஸ்கோ, அந்த வாத்தியார் மகள், இன்னும் யார் யாரோ,
வரிசையாய் வந்து நின்றார்கள்.
நான் அவர்களைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு ஓட்டுநர் கூப்பிட்டார்.
பேனாவை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.
கடைக்காரி தடித்த கறுப்புப் பேனா ஒன்று தந்தாள்.
மூடியின் மேல் பெயரை எழுதினான்.

“எண்ணையும் எழுதிக்கொள்,” என்றேன்,
“என்னைப் போல எவளாவது கொன்றுவிடப் போகிறாள்.”

அவன் யோசித்தான். மூடியைத் துடைத்தான்.
“போன வாரம் ஆறு,” என்றான்.
பேனாவைச் சட்டைக்குள், வயிற்றோடு செருகிக்கொண்டு
பனிக்குள் இறங்கினான்.