பதின்மூன்று கரண்ட் பில்

பரீட்சைத் தாளில் எப்போதும்
ஏபிசி கம்பனி, வரையறுக்கப்பட்டது.
அதற்கொரு பணிப்பாளர் சபை,
பணிப்பாளருக்கு ஒரு கார்,
காருக்குப் பெறுமானத் தேய்வு இருபது வீதம்.
ஏபிசியின் பற்றுச்சீட்டுகளில்
ஒருநாளும் மிளகாய்த்தூள் இருந்ததில்லை.

யோகமலர் அக்காவின் கணக்கு
பரந்தன் சந்தியிலிருந்து
ஒரு பால்மாப் பேணியில் வந்தது.
மூடியைத் திறந்ததும் தும்மினேன்.
ஆறு வருடம் படித்து
அங்கத்துவ இலக்கம் கிடைத்த மூன்றாம் கிழமை
என் தொழில் வாழ்வின் முதல் சத்தம் அதுதான்.

கார்த்திகை முப்பது. கிளிநொச்சி முழுக்க மழை.
"சின்னக் கணக்குத்தானே பிள்ளை, நீரே போடும்,"
சேர் வவுனியாவிலிருந்து போனில் சொல்லி வைத்துவிட்டார்.
சின்னக் கணக்கு.
டீசல் பில்லில் எழுத்துப் போய் வெறும் மஞ்சள்.
சாக்கு விலை ஒரு கொப்பியின் பின்னட்டையில்.
ஒரு துண்டில் "தவம் 4500" மட்டும்:
தவம் தந்ததா, தவத்துக்குக் கொடுத்ததா,
கூலியா, கடனா?
கரண்ட் பில்களை எண்ணினேன். பதின்மூன்று.
திரும்பவும் எண்ணினேன்.
வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்றுதான்
எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

பின்னேரம், மில்லைப் பூட்டிவிட்டு
மழைக்கோட்டோடு அக்காவே வந்தா.
"அது பக்கத்து வளவு றெஜினாவின்ர.
லைன் வெட்ட வந்து ஏணியும் வைச்சிட்டாங்கள்.
நான்தான் கட்டினன்."
"அதைச் செலவாய்க் காட்டேலாது அக்கா."
"காட்டச் சொல்லி ஆர் கேட்டது?
பேணிக்குள்ள கிடந்தது, வந்திட்டுது."
நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.
அனுமதிக்கப்படாத செலவுகள் என்ற பாடத்தில்
நான் எண்பத்தொரு புள்ளி எடுத்தவள்.

அடுத்தது சொத்துப் பட்டியல். இயந்திரங்கள்.
வாங்கிய திகதி?
"பழசு ரெண்டாயிரத்தைஞ்சு வைகாசி. லிஸ்டர் எஞ்சின்."
இப்போது இருக்கிறதா?
"இல்லை."
அகற்றிய திகதி? விற்ற தொகை?
கேட்ட பிறகுதான்
நான் கேட்டது எனக்கே கேட்டது.

"விக்கேல்லை.
விசுவமடு மட்டும் மெசின்பெட்டியில ஏத்திக்கொண்டு போனம்.
பிறகு பெட்டியில ஆக்களை ஏத்த வேண்டி வந்திட்டுது.
இறக்கி வைச்சம்.
மழைக்கெண்டு ஒரு படங்கால மூடித்தான் வைச்சம்."

அப்போது எனக்கு ஒன்பது வயது.
விசுவமடுவுக்கு அங்கால் போகிற றோட்டை நானும் அறிவேன்.
எங்கள் தையல் மெசின் எந்தப் பாலைமரத்தடியில் நின்றது என்றும்.
சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
"இப்ப உள்ள மெசின் எப்ப எடுத்தது?" என்றேன்.
கண்ணைத் துடைத்தேன்,
விரலெல்லாம் மிளகாய்த்தூள்,
இன்னும் எரிந்தது.
"கசக்காதையும் பிள்ளை, தண்ணியில கழுவும்," என்றா.

(தவம் 4500: மில் கல்லுக் கொத்தின கூலி.
அது சேரும்.)

இரவு பதினொன்று இருபது.
வரி முப்பத்தோராயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய்.
சமர்ப்பி என்றதை அழுத்த
வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.
மடிகணினியைக் குடைக்குள் பிடித்தபடி
டயர்க் கடையின் மேல்தட்டில் ஏறினேன்.
கீழே ஏ ஒன்பதில் கொழும்பு பஸ் ஒன்று
தண்ணீரை இரண்டாய்க் கிழித்துக்கொண்டு போனது.
இரண்டு கோடு சிக்னல்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒரு நீண்ட இலக்கம்.
கணினியில் இருக்கத்தான் செய்கிறது,
என்றாலும் உள்ளங்கையில் பேனையால் எழுதினேன்.

அக்காவுக்கு அடித்தேன். படுக்கவில்லை.
தொகையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழை.
"றெஜினாவின்ர பில் சேரேல்லைத்தானே?"
"சேரேல்லை அக்கா."
"அப்ப சரி. விடிய வங்கியில கட்டுறன்.
அந்தப் பேணியை மறக்காமல் தந்துவிடும்,
மூடி இறுக்கமான பேணி."