எட்டு பிக்சல்

பதினான்காம் கொண்டை ஊசியில் வண்டியை நிறுத்தியபோது
மணி ஆறே கால்.
ஸ்கூட்டர் ஆறும்போது
டிக் டிக்கென்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தது.
சுவரில் ஒரு குரங்கு,
என் பையில் இருப்பது லென்ஸா முறுக்கா என்று யோசித்தபடி.

கீழே சேலம் இருக்க வேண்டிய இடத்தில்
ஜவ்வரிசி ஆலைத் தொட்டியில்
மாவு இறங்கக் காத்திருக்கும் தண்ணீர்போல்
ஒரு வெளுப்பு.
முக்காலி எடுத்துவரவில்லை.
சுவரில் முழங்கை ஊன்றி, மூச்சைப் பிடித்து
பதினோரு தடவை அழுத்தினேன்.
ஏழாவது தேறியது.

தேறியது என்றா சொன்னேன்?
திரையில் திறந்தால் சோகை பிடித்துக் கிடந்தது.
ரா ஃபைல் அப்படித்தான்,
ஊறவைக்காத அரிசியைக் கையில் கொடுத்து
சாப்பிடு என்பதுபோல.

"காலண்டர்ல மலை பச்சையா இருக்கணும்மா.
ஊட்டி மாதிரி."
ஆலைக்காரர் அங்கப்பன் போனில்.
ஏற்காடு எதற்கு ஊட்டி மாதிரி இருக்க வேண்டும் என்று
நான் கேட்கவில்லை.
முன்பணம் செலவாகிவிட்டிருந்தது.

பச்சையை ஏற்றினேன்.
சில்வர் ஓக் எல்லாம் பிளாஸ்டிக் ஆயிற்று.
இறக்கி, கொஞ்சம் மஞ்சளைக் காப்பிச் செடிப் பக்கம் தள்ளினேன்.
நிழலைத் திறந்ததும்
பாறை இடுக்கில் யாரோ வீசிய தண்ணீர் பாட்டில்.
அழித்த இடத்தில் பக்கத்துப் புல்லை எடுத்து ஒட்டினேன்.
புல் ஒன்றும் சொல்லவில்லை.
மின்கம்பியை அழித்தேன்.
அதில் உட்கார்ந்திருந்த கரிச்சான்
அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது.
சிரித்து முடித்துவிட்டு அதையும் அழித்தேன்.

வலது ஓரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம்,
பல் டாக்டர் ராவிவிட்ட கடைவாய்ப் பல்லாக.
"அதை மரமாக்கிடுங்க" என்றிருந்தார் அங்கப்பன்.
லாரி லாரியாகப் போன கரட்டை
இருபது நிமிடத்தில் திரும்ப வைத்தேன்,
டீ ஆறுவதற்குள்.

கடைசியில் பனி.
ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த
தொட்டி தெளிந்து அடியில் ஊர்.
மூக்கனேரி, அதன் நடுவில் மண்திட்டுகள்.
கன்னங்குறிச்சி.
மேல்நிலைத் தொட்டியிலிருந்து மூன்று தெரு எண்ணினால்
எங்கள் மொட்டைமாடி, நீல சின்டெக்ஸ்,
பக்கத்தில் ஒரு புள்ளி.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
செங்குத்தாக எட்டு பிக்சல்.
மேலே இரண்டு கருப்பு.
கீழே நாலைந்து வெளுத்த காவி,
தனபாலின் லுங்கி நிறம்.

எட்டு மணிக்கு முன்னால் எழாத மனிதர்.
அதுவும் முந்தைய இரவு
லென்ஸ் தவணைக்காகச் சண்டை போட்டு
நான் சொல்லாமல் கிளம்பிய காலை.

வெளிச்சம் போதாவிட்டால் சென்சாரில் இப்படிப் புள்ளி விழும்.
எட்டாவது படத்தைத் திறந்தேன். இருந்தது.
ஒன்பதில் கொஞ்சம் நகர்ந்து,
கைப்பிடிச் சுவர் ஓரமாக.
பத்தில் இல்லை.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டேன்.
"மோட்டாரை ஆஃப் பண்ணாம போயிட்ட.
டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டம்மா கத்துச்சு.
அதான் ஏறுனேன்."
"மலையப் பாத்தீங்களா?"
"மலை எங்க இருந்துச்சு, பனிதான இருந்துச்சு"
என்று ரசத்துக்குக் கை நீட்டினார்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான்
எனக்கு உறைத்தது.

திரும்பப் போய்
பனியை இருந்த அளவுக்கே விட்டேன்.
எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு
கொஞ்சம் தெளியவைத்தேன்.
மரங்களை எடுத்துவிட்டுச்
சுரங்கத்தைச் சுரங்கமாக வைத்தேன்.

சிவகாசியிலிருந்து அச்சகத்துப் பையன் கூப்பிட்டான்.
"நவம்பர் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு மேடம்,
தூசியா? எடுத்துரவா?"
இருக்கட்டும் என்றேன்.

அங்கப்பனுக்குப் பச்சை போதவில்லையாம்.
பாக்கிப் பணம் பொங்கலுக்கு அப்புறம்தானாம்.

கரிச்சானைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
கம்பி போய்விட்டது.
இனி எதன்மேல் உட்காரவைப்பது?