கரையின் கீழ்ப்பக்கம்

லிம் சூ காங் சாலையில், பேருந்து திரும்பும் இடத்துக்கு அப்பால்
பெயர்ப்பலகையில் பாதி மீன் உரிந்துபோன பண்ணை.
குளம் திரு. சியாவுடையது.
கரையும் அவருடையது.
கரை உடைந்தால் ஓடும் தண்ணீர் யாருடையது
என்று படிவத்தில் கேள்வி இல்லை.

"இது அணை இல்லை, மிஸ். அப்பா கொட்டிய மண்.
நாற்பது வருஷம். ஒரு தடவைகூட..."
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு
வானத்தைப் பார்த்தார்.

நாடாவைப் பிடித்தேன்.
சட்டம் கண் விழிக்கும் உயரத்துக்கு
இருபது சென்டிமீட்டர் குறைவு.
அவர் முகத்தில் அந்த இருபதும் தெரிந்தது.
குந்தி உட்கார்ந்து அடியைக் கிளறினேன்.
சிவப்பு மண்ணின் மேல் கறுப்பு மண்,
புதிது, லாரி டயரின் தடம்கூட அழியவில்லை.
தரையை உயர்த்தினால் கரை குள்ளமாகிவிடும்,
காகிதத்தில்.
தண்ணீருக்குப் படிக்கத் தெரியாது.

மிஞ்சிய நீர் வழியும் இடத்துக்குக்
கலிங்கு என்று அழகான சொல் இருக்கிறது.
படிவத்தில் அது ஐந்து-பி.
கொய் மீன் தப்பக் கூடாதென்று
ஐந்து-பியின் வாயில் வலை கட்டியிருந்தார்கள்.
வலையில் இலை, தீவனப் பை, ஒற்றைச் செருப்பு.

கீழ்ச்சரிவில், பெரணிக்குப் பின்னால், ஈரம்.
குடித்துக்கொண்டிருந்த போத்தலைக் காலிசெய்து ஏந்தினேன்.
தே-ஓ நிறம் என்றால் பயமில்லை,
இலை ஊறிய சாயம், கண்ணாடி மாதிரி இருக்கும்.
பால் விட்ட தே நிறம் என்றால்
கரை தன்னையே
கரண்டி கரண்டியாக வெளியே அனுப்புகிறது.
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
தே.
கலக்காத சீனிபோல் அடியில் மண் இறங்கியது.

அப்புறம்தான் குச்சிகளைப் பார்த்தேன்.
ஐஸ்கிரீம் குச்சிகள், பதினொன்று,
ஒவ்வொன்றிலும் எனக்கு வாசிக்கத் தெரியாத எண்கள்.
யார் வைத்தது?
தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஷொஹெல்
வகுப்பில் மாட்டிக்கொண்டவர் மாதிரி கை தூக்கினார்.
வங்காளத்தில் தேதி.
ஞாயிறுதோறும் ஈரம் எங்கே நிற்கிறதோ
அங்கே ஒன்று.
முதல் ஆறும் ஒரு சாணுக்குள் அடக்கம்.
கடைசி இரண்டுக்கும் நடுவில்
என் பூட்ஸ் இரண்டும் நின்றன.

"பாஸிடம் சொல்லவில்லையா?"
"சொன்னேன். பிடுங்கிப் போடு, வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார்.
பிடுங்கினேன்.
ராத்திரி அதே ஓட்டைகளில் திருப்பி வைத்தேன்."
ஏன் என்றேன்.
மோவாயால் காட்டினார்.
கரையிலிருந்து முப்பது அடியில் நீலக் கொள்கலன்,
கொடியில் ஆறு லுங்கி.

சியா கெட்டவர் இல்லை.
நிலத்தின் குத்தகை இன்னும் நான்கு வருஷம்தான்.
நான்கு வருஷத்துக்கு யார் கரை கட்டுவார்
என்று என்னைக் கேட்டார்.
என்னிடம் பதில் இல்லை. கத்தி இருந்தது.
வலையை அறுத்தேன்.
அறுந்த வழியில் பொன்னிறமாய் ஒன்று நழுவிப் போனது.
அதன் விலையை அவர் முணுமுணுத்தார்.

நீர் ஒரு மீட்டர் இறங்கும்வரை
நீலக் கொள்கலனில் ஒருவரும் உறங்கக் கூடாது.
எழுதினேன்.
உயரம்: பழைய தரையிலிருந்து அளந்தது.
எழுதினேன்.
கண்காணிப்புக் கருவிகள் என்று ஒரு கட்டம்.
இந்த மாதிரி குளங்களுக்குக் கோடு போட்டுவிடுவது வழக்கம்.
குச்சி, பதினொன்று.
வைத்தவர்?
முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
நான் சரியாக எழுதுகிறேனா என்று
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி.

பம்பு இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது.
கிராஞ்சிப் பக்கம் மேகம் திரண்டிருந்தது.
ஞாயிறு இல்லை அன்று, செவ்வாய்.
ஷொஹெல் சட்டைப்பையிலிருந்து பன்னிரண்டாவதை எடுத்து
நக்கித் துடைத்து
எங்கே என்று பார்த்தார்.