கீழ் வரி

பகலெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள் நான்.
காரைக்குடி, செக்காலை ரோட்டில்
இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்கும் கடை.
'கீழ் வரி தெரியுதா?' என்பேன்.
பெரும்பாலும் யூகித்துத்தான் சொல்வார்கள்.
வங்கிப் படிவத்தில் நானும் அப்படித்தான்
கையெழுத்துப் போட்டேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றவர்கள்
வாடகைக்கு விடவென்று ஒரு வீட்டை
வாங்கிப் பார் என்று சொல்லி வைக்கவில்லை.

கோட்டையூரில், ரயில்வே கேட் தாண்டி,
இரண்டு போர்ஷன், ஒரு குழாய், ஒரு முருங்கை.
இருபத்தொரு லட்சம்.
உமையாள் ஆச்சி ஹைதராபாத்திலிருந்து
போனில் ஒரே தடவை சொன்னார்.
நான் பேரத்துக்கு வாயெடுக்கும் முன்
'வச்சிரட்டா?' என்றார்.

மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா.
எல்லாவற்றையும் படித்து 'ஆட்சேபணை இல்லை' என்று எழுத
வங்கி வக்கீலுக்குப் பத்தொன்பது நாள்.
மதிப்பீட்டு இன்ஜினியர் வந்தார், சுவரைத் தட்டினார்,
முருங்கையைக் கணக்கில் சேர்க்கவில்லை.
பதினேழு லட்சம் என்றார்.
அதில் முக்கால் பங்குதான் கடன்.
பன்னிரண்டே முக்கால்.
'மீதியை மார்ஜின் என்போம்' என்றார் மேலாளர்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பள்ளம்.

முதலில் என் சேமிப்பு விழுந்தது,
இரண்டு லட்சத்து முப்பத்தையாயிரம்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் வந்தான்.
'பாதிப் பணம் நான் தாரேன், பத்திரத்துல பாதிப் பேரு.'
கடைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய வீடு.
பதினெட்டுப் பங்கு.
ஒழுகும் இடத்தில் ஓடு மாற்ற
ஒன்பது வருடமாக இரண்டு கையெழுத்துக் குறைகிறது.
அண்ணனுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

புதுவயலில் ஒருவர்
ஜாமீன் கேட்க மாட்டார், சம்பளச் சீட்டுக் கேட்க மாட்டார்,
நூற்றுக்கு ஐந்து.
அவர் மேசைமேல் ரப்பர் பேண்டு போட்டு
அடுத்தவர்களின் ஏ.டி.எம். கார்டுகள்.
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்து லட்சத்துச் சீட்டு.
எண்பதாயிரம் தள்ளி, என்றார் ஒரு டீக்கடைக்காரர்.
தொண்ணூறு, என்றேன்.
அவர் ஒரு லட்சம்.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று சொன்ன குரல்
யாருடையதோ போலிருந்தது.
மூன்று தரம்.
மூன்று லட்சத்துத் தொண்ணூறு கையில்.
தள்ளிய பணம் எல்லோருக்கும் கழிவாகப் பிரிந்தது.
அன்று அத்தனை பேரும் என்னிடம்
அவ்வளவு அன்பாகப் பேசினார்கள்.

இன்னும் இரண்டு லட்சம்.
கூச்சத்தோடு ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன்.
'ஒரு வருசம் வச்சுக்க. நூத்துக்கு ஒண்ணு,
ஒண்ணாந்தேதி தவறக் கூடாது.
எழுதி வாங்கிக்கிறேன். வங்கியில மறைக்காதே.'
நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள்
வருட வட்டியைச் சொல்லி முடித்திருந்தார்.

அப்பாடா என்று உட்கார்ந்தபோது
பத்திர எழுத்தர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார்.
முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், அவர் கூலி, ஜெராக்ஸ்.
மறுபடியும் இரண்டு லட்சம்.
என் தொழிலில் நான் தினமும் கேட்கிற கேள்வி:
கீழ் வரி தெரியுதா?

ஐந்து பவுன் சங்கிலி.
நகைக்கடன் கவுண்டரில் அங்கமுத்து
போன மாதம் நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாக
என் தங்கத்தை உற்றுப் பார்த்தார்,
கல்லில் உரசினார்,
'நல்லாத் தெரியுது' என்றார்.

அவர்தான் இப்போது முன் போர்ஷனில்.
நாலாயிரத்து ஐந்நூறு.
பின் போர்ஷன் இன்னும் காலி.
வங்கித் தவணை பதின்மூவாயிரத்துச் சொச்சம்;
மாதத்தில் பாதி நாள்
அந்தக் காலி அறைக்கும் சேர்த்து
நான்தான் கண்ணாடி விற்கிறேன்.

ஐந்தாம் தேதி வாடகை தருகிறார்,
குழாய் வாஷருக்கு நாற்பது ரூபாய் கழித்து.
ஏழாம் தேதி அவர் கவுண்டரில்
சங்கிலிக்கு வட்டி கட்ட வரிசையில் நிற்கிறேன்.
ஓரத்தில் ஊதா மை பட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று.
அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
மையைப் பார்த்தார்,
எண்ணிப் போட்டுக்கொண்டார்.